அந்த பிரஷ் என்ன முடி என்று எனக்குத் தெரியும்

என் மகனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதற்கு நான் பதில் சொல்லாமல் 'ம்' கொட்டிவிட்டு வைத்துவிட்டேன்.  மைசூர் பக்கம் வேலையில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் கம்பெனியின் ஹலால் ஃபைலை உன் பொறுப்பில் கொடுத்துவிட்டார்கள் என்று பெருமையாகத்தான் ஆரம்பித்தாய். பிறகு, "எல்லாம் பேப்பர் வேலைம்மா. நாங்க போடுறது சூப் பவுடர், அதுல என்ன ஹலால், என்ன ஹராம்? ரெண்டு பேர் ஆடிட்டுக்கு வருவாங்க. நல்லா சாப்பாடு போட்டு, ஃபைலைக் காட்டி, வண்டி ஏத்தி விட்டா முடிஞ்சுது" என்று சிரித்தாய். நீ படித்த படிப்பில் உணவு விஞ்ஞானமெல்லாம் இருந்திருக்கும். நான் சொல்லப் போவது இருந்திருக்காது. போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன். முழுதும் படி.

பொம்மனஹள்ளியில் நான் வேலை செய்த பேக்கரி ஃபேக்டரி உனக்கு ஞாபகம் இருக்கும். ரஸ்க், பட்டர் பிஸ்கட், டீயில் முக்கித் தின்னும் அடுக்கடுக்கான காரி, இவையெல்லாம் போடும் இடம். அப்போது நீ நாலாவது படித்துக்கொண்டிருந்தாய். உன் அப்பா இறந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. விவேக் நகரில் சர்ச்சுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒற்றை அறையில் இருந்தோம். ஃபேக்டரியில் எனக்குப் பால் பூசும் மேசை. தட்டில் அடுக்கிய காரி அடுப்புக்குள் போவதற்கு முன் அதன் முதுகில் பிரஷ்ஷால் சர்க்கரை கலந்த பாலைத் தடவ வேண்டும். அந்த மினுமினுப்புதான் கடையில் கண்ணை இழுக்கும். எட்டு மணி நேரம், நின்றபடி.

அந்த மேசைக்குப் போன முதல் நாளே பிரஷ் பன்றி முடி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்பதுதான் இத்தனை வருஷம் உன்னிடம் நான் சொல்லாதது. உன் தாத்தா முனிசிபாலிட்டியில் வேலை பார்த்தார் என்று சொல்லியிருக்கிறேன். என்ன வேலை என்று சொன்னதில்லை. கண்டோன்மென்டில் சாக்கடை அள்ளுகிறவர்களின் லைன் வீடுகளில் நான் பிறந்தேன். சம்பளம் போதாமல் கால்வாய் ஓரம் பன்றி வளர்த்தோம். முடி வாங்க ஒருவர் சைக்கிளில் வருவார். முடியைக் கழுவிக் காயவைத்து, நீளம் பார்த்துப் பிரித்து, நூல் சுற்றிக் கட்டுவது பெண் பிள்ளைகளின் வேலை. கல்யாணம் ஆகிற வரைக்கும் கட்டியிருக்கிறேன். பன்றி முடியின் நுனி இரண்டாக, மூன்றாகப் பிளந்திருக்கும். அந்தப் பிளவுதான் பெயிண்ட்டையும் பிடித்துக்கொள்ளும், பாலையும் பிடித்துக்கொள்ளும். நைலான் வழுக்கும். கண்ணைக் கட்டிவிட்டாலும் என் விரல் சொல்லிவிடும்.

விவேக் நகர் என்றதும் ஃபேக்டரியில் எங்களைக் கிறிஸ்தவர்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. டிசம்பர் வந்தால் "கேக் எங்கக்கா?" என்று கேட்பார்கள். கடையில் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். நல்ல கேக் என்றார்கள்.

அப்படியிருக்கும்போது மலேசியாவில் கடைகள் வைத்திருக்கும் ஒருவர் எங்கள் காரியைக் கேட்டார். ஹலால் சர்டிஃபிகேட் இருந்தால்தான் எடுப்பேன் என்றார். முதலாளிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. "நம்ம கிட்ட கறி இல்ல, முட்டைகூட இல்ல. அப்புறம் என்ன ஹலால்?" என்றார். நீ போனில் கேட்டாயே, அதே கேள்வி. அதற்குப் பதில் தேடி அலைந்தவள் ஷாஹீன். பிரேசர் டவுனிலிருந்து வரும் பெண், பி.எஸ்.ஸி. முடித்து எங்கள் லேபில் வேலை பார்த்தாள். இப்போது உனக்கு இருக்கும் வயதுதான் அப்போது அவளுக்கு. வெளியூருக்குப் போகும் ஒவ்வொரு பண்டத்தின் பெயரையும் எழுதி, அதன் கீழே உப்பு வரைக்கும் ஒவ்வொரு சாமானையும் எழுதி, அதை யார் தருகிறார்கள், அது எதிலிருந்து வருகிறது என்று அவர்களிடமே கடிதம் வாங்க வேண்டும். மைதாவுக்கும் சர்க்கரைக்கும் ஒரு நாள் ஆனது. வனிலா எசென்ஸுக்கு ஒரு மாதம். அதைச் சாராயத்தில் கரைத்திருந்தார்கள். கடைசியில் வேறு கடையே மாற்ற வேண்டியதாயிற்று. கொழுப்பும் தண்ணீரும் பிரியாமல் பிடித்துவைக்க மெழுகு மாதிரி ஒன்று சேர்ப்போம். அது தருகிறவன் 'சாப்பிடக்கூடிய கொழுப்பு' என்று ஒரு வரி எழுதி அனுப்பினான். ஷாஹீன் போனில் கத்தியது நாங்கள் நின்று வேலை செய்யும் லைன் வரைக்கும் கேட்டது: "சார், சாப்பிடக்கூடியதுன்னு எனக்கும் தெரியும். அது மாடா, மரமா? ஒண்ணு சொல்லுங்க!" நாங்கள் ஒரு வாரம் அதையே சொல்லிச் சிரித்தோம். டிபன் பாக்ஸைத் திறந்தால் யாராவது ஒருத்தி, "மாடா, மரமா?" என்பாள்.

ஷாஹீன் சாமான்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எங்கள் சூப்பர்வைசர் மூர்த்தி ஆட்களைப் பார்க்க ஆரம்பித்தார். அவருக்கு ஹலால் என்றால் என்னவென்று தெரியாது. தீட்டு என்றால் தெரியும். அந்தக் கண்ணாலேயே இதையும் பார்த்தார். ஒருநாள் எங்களை வரிசையாக நிற்க வைத்து, "இனிமே ஹந்தி தின்றவங்க யாரும் லைன்ல நிக்கக் கூடாது. ஆடிட்டர் கண்டுபிடிச்சா ஆர்டர் கோவிந்தா" என்றார். ஹந்தி என்றால் கன்னடத்தில் பன்றி. வரிசையில் செல்வி என்று ஒருத்தி, வாய்த் துடுக்கு. "சார், நான் வீட்ல திங்கிறது இங்க பிஸ்கட்ல எப்படி சார் வரும்? நடந்து வருமா?" என்றாள்.

"அதிகப் பிரசங்கி. ஹோகு. வெளியே போய்த் தட்டு கழுவு."

அவளையும், அவள் ஏரியாவிலிருந்து வரும் இன்னொருத்தியையும் வெளியே முற்றத்துக்கு அனுப்பினார். பிஸ்கட் வேகிற தட்டையே அவர்கள் கையில் கொடுத்துக் கழுவச் சொன்னார். அதில் என்ன சுத்தம் என்று யாரும் கேட்கவில்லை. பிறகு என்னிடம் வந்து நின்றார்.

"நீ கிறிஸ்டியன். நீ தின்னுவியா?"

"இல்ல சார்" என்றேன். பொய்.

அடுத்த வாரம் ஷாஹீன் நோட்டோடு என் மேசைக்கு வந்தாள். "அக்கா, பிரஷ் எதுல செஞ்சது? மூர்த்தி சார் நைலான்னாரு."

"நைலான்தான் பாப்பா."

"பக்காவா?"

"பக்கா."

எழுதினாள். கீழே தன் கையெழுத்தைப் போட்டாள். உண்மையைச் சொன்னால் அடுத்த கேள்வி, உனக்கு எப்படித் தெரியும் என்பதுதான். அதற்குப் பதில் சொன்னால் நான் முற்றத்துக்குப் போவேன், இல்லை, ஒரேயடியாக வீட்டுக்கே போவேன். உன் பள்ளிக்கூடம், நம் அறை, அரிசி எல்லாம் அந்த மேசையில்தான் நின்றுகொண்டிருந்தன. இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தக் காரணம் பொய் இல்லை. ஆனால் அந்தப் பெண்ணை நான் ஏமாற்றினேன் என்பதும் பொய் இல்லை.

ஆடிட் நாள் வந்தது. வேலூர்ப் பக்கத்து மௌலவி ஒருவர், கூட உணவுக் கெமிஸ்ட் ஒருவர். நீ நினைக்கிற மாதிரி அவர்கள் ஃபைலிலிருந்து ஆரம்பிக்கவில்லை. முதலில் ஸ்டோர் ரூமுக்குப் போய் மூட்டையில் உள்ள பெயரும் ஃபைலில் உள்ள பெயரும் ஒன்றா என்று பார்த்தார்கள். மெஷினுக்கு விடும் எண்ணெயைக் கேட்டார்கள். தட்டு துலக்கும் சோப்பைக் கேட்டார்கள். எங்கள் டிபன் பாக்ஸ் எங்கே வைக்கிறோம் என்று கேட்டார்கள். பிறகு மௌலவி என் மேசைக்கு வந்தார். பிரஷ்ஷை வாங்கி, ஒரு முடியைப் பிடுங்கி, தீக்குச்சி கிழித்தார். நைலான் என்றால் உருகி மணி மாதிரி திரளும். இது பொசுங்கிப் பொடியானது. முடி தீய்கிற நாற்றம் எழுந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஃபைல்ல நைலான்னு இருக்கே. யார் எழுதினது?"

"நான்தான் ஹஜ்ரத்" என்றாள் ஷாஹீன்.

"உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

அவள் மூர்த்தியைப் பார்த்தாள். மூர்த்தி சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தாள். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. "நான் எரிச்சுப் பாத்திருக்கணும், பாக்கல" என்றாள். மூர்த்திக்கு அது போதும். "நோடி சார், உங்க ஆளே தப்பு பண்ணா நாங்க என்ன பண்றது?" என்றார் மௌலவியிடம். எல்லோரும் ஆபீஸ் ரூமுக்குப் போனார்கள். கதவு பாதிதான் சாத்தியிருந்தது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று முதலாளி ஷாஹீனிடம் சொல்வது எனக்குக் கேட்டது.

என் கால் எப்படி அங்கே போனது என்று தெரியவில்லை. நான் தைரியசாலி என்று நினைத்துவிடாதே. அவள் கொஞ்சம் அழுதிருந்தால்கூட நான் மேசையிலேயே நின்றிருப்பேன் என்று நினைக்கிறேன். அவள் அழவில்லை, பேனாவை மூடிக்கொண்டிருந்தாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

"சார், அந்தப் பொண்ணு கேட்டுச்சு. நான்தான் நைலான்னு சொன்னேன். தெரிஞ்சேதான் சொன்னேன்."

முதலாளி வாயைத் திறந்தார். மௌலவி முந்திக்கொண்டார். "எப்படிம்மா தெரியும்?"

"எங்கப்பா பன்னி வளத்தாரு. இந்த முடியைக் கட்டி வளந்தவதான் நான்."

வாசலில் நின்ற மூர்த்தி ஒரு அடி பின்னால் போனார். "பாத்தீங்களா சார்? இதுக்குத்தான் ஆளைப் பாத்து வைக்கணும்ங்கிறது. இவளை லைன்ல இருந்து எடுத்துடறோம், சரியாயிடும்."

"பிரஷ் வாங்கினது யாரு?" என்றார் மௌலவி.

"நான்தான் சார். கடைல குடுத்தான்..."

"அப்ப எடுக்க வேண்டியது பிரஷ்ஷை." அவர் குரலை உயர்த்தவே இல்லை. "எங்க ஃபாரத்துல சாமானுக்கு இடம் இருக்கு. யாரு வீட்ல என்ன வளத்தாங்கன்னு எழுத இடம் கிடையாது. கை கழுவினாங்களா, வெளிச் சாப்பாட்டை லைனுக்குக் கொண்டு வராங்களா, அதைத்தான் கேப்போம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "அம்மா, மிச்ச பிரஷ்ஷையெல்லாம் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

ஃபேக்டரியில் இருந்த அத்தனை பிரஷ்ஷையும் மேசையில் கொட்டினார்கள். நான் விரலால் தடவித் தடவி இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பிரித்தேன். கெமிஸ்ட் ஒவ்வொன்றிலும் ஒரு முடி பிடுங்கி எரித்துப் பார்த்தார். என் விரல் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பாகவில்லை. தட்டுக்கு எண்ணெய் தடவும் பிரஷ், நைலான் என்று மூர்த்தி சத்தியம் பண்ணிய பிரஷ், அதுவும் பன்றி முடிதான்.

அந்த மௌலவியை மகான் ஆக்கிவிடாதே. அவர் தன் விதியைப் படித்தார், அதன்படி நடந்தார், அவ்வளவுதான். ஆனால் சாதியில்லாத விதி ஒன்றை ஒருவர் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வெளியே உலகம் அப்படியே இருந்தது. செய்தி அந்த வாரமே விவேக் நகருக்கு வந்து சேர்ந்தது. வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னார். வாடகை ஏற்றிவிட்டார்கள் என்று உன்னிடம் சொன்னேனே, கூடப் படிக்கிற பையன்களை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று நீ அழுதாயே, காரணம் அதுதான். பிரேசர் டவுனில் வீடு கேட்கப் போனபோது அங்கேயும் 'நீங்க என்ன ஆளுங்க?' என்றுதான் கேட்டார்கள். பொம்மனஹள்ளியில் கேட்காத ஒருவர் கிடைக்க இரண்டு மாதம் ஆனது.

வேலை இரண்டு பேருக்கும் போகவில்லை. முதலாளிக்கு ஆர்டர் வேண்டும், அதற்கு ஷாஹீனின் மூளையும் வேண்டும், என் விரலும் வேண்டும். ஆனால் ஷாஹீன் என்னோடு பேசவில்லை. நானே போய் முற்றத்துக் குழாயடியில் அவளை மறித்து நின்றேன். மன்னிச்சிடு பாப்பா என்றேன். அவள் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை இன்னும் ஞாபகம் இருக்கிறது. "அக்கா, உங்களுக்கு வேலை பயம், அது எனக்குப் புரியுது. நோன்பு திறக்கிறப்ப எங்க வீட்ல எல்லாரும் இந்தக் காரியைத்தான் தின்னோம். எங்கம்மா என் பொண்ணு கம்பெனிதுன்னு தெருவுக்கே குடுத்தாங்க. என் கையில பாக்கெட் குடுத்தது நீங்க. குடுக்கும்போதும் உங்களுக்குத் தெரியும்."

  என் பிறப்பை மறைத்துக்கொண்டேன், யாருக்கு என்ன நஷ்டம் என்று அதுவரை நினைத்திருந்தேன். நஷ்டம் அவள் வீட்டுச் சாப்பாட்டு விரிப்பில் உட்கார்ந்திருந்தது.

பிறகு கழுவல் நடந்தது. சரக்கு மலேசியா போவதால் அங்கத்து வழக்கப்படி ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கரைத்த தண்ணீரால் என்று மௌலவி சொல்லி, கூடவே நின்றார். மர மேசையைத் தூக்கிப் போட்டு ஸ்டீல் மேசை வந்தது. அதுவரை செய்து வைத்திருந்த சரக்கு எதுவும் அந்த ஆர்டருக்குப் போகக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். யார் என்ன தின்கிறார்கள் என்று பார்த்து ஆளை ஒதுக்கும்படி எந்த விதியும் கேட்கவில்லை என்று ஷாஹீன் முதலாளியிடம் சொல்லி, செல்வியையும் மற்றவளையும் திரும்ப லைனுக்குக் கொண்டுவந்தாள். இன்னொரு முறை ஆடிட் நடந்து சர்டிஃபிகேட் வந்தது. ஒரு வருஷத்துக்குத்தான். அதில் எழுதியிருக்கும் பண்டங்களுக்கு மட்டும்தான். முதலாளி அதைச் சட்டம் போட்டு மாட்டி மாலை போட்டார். மூர்த்தி நான் தொடும் பானையில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தி, வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவர ஆரம்பித்தார். அவர் தாகம், அவர் பாடு.

வாங்குவது ஒரு பாடு என்றால் காப்பாற்றுவது ஒன்பது பாடு. சாமான் வாங்கும் கடை மாறினால் சர்டிஃபிகேட் கொடுத்தவர்களிடம் சொல்ல வேண்டும். எசென்ஸ் மாறினால், மாற்றுவதற்கு முன்னாலேயே எழுதிக் கேட்க வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பார்கள். எந்த நாளில் எந்த மூட்டை பிரித்தோம் என்று கேட்டால் காட்ட வேண்டும். ஷாஹீன் என்னை உள்ளே வரும் சாமான்களைப் பார்க்கும் வேலைக்கு எடுத்துக்கொண்டாள். "உங்க மேல கோபம் போகல. ஆனா உங்க கை எனக்கு வேணும்" என்றாள். பிரஷ் வந்தால் பெட்டிக்கு ஒன்று எடுத்து எரிப்போம். மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தேன்.

மூன்றாம் வருஷம் உனக்கு மஞ்சள் காமாலை வந்து நான் பத்து நாள் லீவு போட்டேன். அந்தச் சமயம் பார்த்து பழைய பிரஷ் தீர்ந்துபோக, மூர்த்தி அவசரத்துக்கு எங்கோ வாங்கிக்கொண்டு வந்து லைனில் போட்டார். சாயங்காலம் கன்டெய்னர் கிளம்ப வேண்டும். பால் பூசும் மேசையில் செல்வி. கையில் எடுத்தவள் அப்படியே கீழே வைத்தாள்.

"சார், இது வேணாம். இது பன்னி முடி."

"உனக்கெப்படித் தெரியும்? பெரிய ஆடிட்டரு!"

"எங்க வீட்டுப் பின்னாடி நாலு நிக்குது சார். நம்பலேன்னா வந்து தடவிப் பாருங்க, கடிக்காது."

லைன் முழுக்கச் சிரித்ததாம். பெல்ட் நின்றது. தீப்பெட்டியோடு ஷாஹீன் ஓடி வந்தாள். பொசுங்கியது. அந்த பிரஷ் இன்னும் எதையும் தொட்டிருக்கவில்லை. கன்டெய்னர் இரண்டு நாள் தாமதமாகப் போனது, முதலாளி கத்தினார், மலேசியாக்காரருக்குக் காரணத்தை மறைக்காமல் எழுதினார்கள். அவர் அடுத்த ஆர்டரைக் கூட்டித்தான் கொடுத்தார். ஷாஹீன் ஆஸ்பத்திரிக்கு வந்து உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து இதை நடித்தே காட்டினாள். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. மூன்று வருஷத்தில் அன்றைக்குத்தான் என்னோடு சேர்ந்து சிரித்தாள். நான் நடுங்கி நடுங்கிச் சொன்னதைச் செல்வி இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். சொன்ன பிறகும் அதே மேசையில்தான் நின்றாள்.

ஃபேக்டரிக்கே தெரிந்ததை உன்னிடம் சொல்ல எனக்குப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கிறது. தெரியாமலிருந்தால் நீ நிமிர்ந்து நடப்பாய் என்று நினைத்தேன். அது தப்பு. தெரியாதவன் நிமிர்ந்து நடக்கிறான், தெரிந்த அன்றைக்குக் குனிந்துவிடுகிறான். தெரிந்துகொண்டே நிமிர்ந்து நட.

உன் சூப் பவுடருக்கு வருகிறேன். கோழி வாசனைக்கு என்ன போடுகிறீர்கள்? அது எங்கிருந்து வருகிறது? மசாலா ஒட்டாமல் உதிர என்ன சேர்க்கிறீர்கள்? ஃபைலில் பதில் இருக்கும். அதை மூடி வைத்துவிட்டு, மூட்டை பிரித்துக் கொட்டுகிறவர்கள் பக்கத்தில் இரண்டு நாள் நில். அவர்களுக்குத் தெரிந்தது உன் லேபுக்குத் தெரியாது. ஆனால் கேட்ட உடனே சொல்ல மாட்டார்கள். சொன்னால் தங்கள் தலை உருளும் என்றுதான் இந்த ஊர் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. உருளாது என்று முதலில் நீ காட்ட வேண்டும். அதற்கு உன் மேனேஜரோடு சண்டை போட வேண்டியிருந்தால் போடு. எங்கேயோ ஒரு வீட்டில் நோன்பு திறக்கிறவர்கள் உன் கையெழுத்தை நம்பிக் கரண்டியை எடுக்கிறார்கள்.

நீ யாருடைய பேரன் என்று யாரிடமும் சொல்லச் சொல்லவில்லை. சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். ஆனால் உன்னை மறைத்துக்கொள்வதற்காக ஒரு மூட்டையில் இருப்பதை மறைக்க வேண்டிய நிலைமை வந்தால், கையெழுத்துப் போடாதே. எனக்கு ஒரு போன் பண்ணு. அடுத்த பஸ்ஸைப் பிடித்து மைசூருக்கு வருகிறேன். உன் முதலாளியின் ஆபீஸ் கதவைத் தட்டி நானே சொல்கிறேன். எனக்குப் பழக்கம்தான்.

அம்மா